மடியில் கனமும் வழியில் பயமும்

போலீஸ் சோதனை பற்றி நம் ஊரில் யாராவது லேசாக முணுமுணுத்தால் போதும். பக்கத்தில் இருப்பவர் உடனே ஒரு பழமொழியை எடுத்து நீட்டுவார். “மடியில கனமில்லேன்னா வழியில என்னங்க பயம்?” தப்பு பண்ணாதவன் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று அர்த்தம்.

இந்தப் பழமொழி பிறந்த காலத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காசை மடியில் முடிந்துகொண்டு, ஆள் நடமாட்டமில்லாத பாதையில் ஊர் விட்டு ஊர் போனவர்களின் அனுபவம் அது. மடியில் இருந்த கனம் கடத்தல் சரக்கு அல்ல. மாடு விற்ற காசு, கல்யாணத்துக்குச் சேர்த்த நகை. வழியில் இருந்த பயம் வழிப்பறிக்காரனைப் பற்றியது. ஆக, போலீஸ் சோதனைக்கு ஆதரவாக இந்தப் பழமொழியைச் சொல்கிறவர்கள், தங்களுக்கே தெரியாமல் போலீஸ்காரரைத் திருடன் நிற்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்!

எனக்குப் போலீஸ் மீது அவ்வளவு கெட்ட எண்ணம் கிடையாது. என் சண்டை, இந்தப் பழமொழியைச் சொல்கிற உங்களோடுதான்.

ஒரு சாதாரண ராத்திரியை எடுத்துக்கொள்வோம். மணி பத்தரை. வேலை முடிந்து டூ வீலரில் வீட்டுக்குப் போகிறீர்கள். திருப்பத்தில் இரும்புத் தடுப்பு. ஒரு கை நீள்கிறது. “ஓரங்கட்டு.”

முதலில் லைசென்ஸ் கேட்கிறார்கள். காட்டித்தான் ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-வது பிரிவு, சீருடையில் இருக்கிற போலீஸ் அதிகாரி கேட்டால் லைசென்ஸைக் காட்டச் சொல்கிறது. அதில் எந்த வாதமும் இல்லை. அடுத்து, “டிக்கியைத் திற.” அதற்கடுத்து, “பையில என்ன?” இப்போதெல்லாம் அதற்கும் அடுத்து, “செல்லைக் கொடு, லாக்கை எடு.”

லைசென்ஸுக்கு 130-வது பிரிவு. மற்ற மூன்றுக்கும் எந்தப் பிரிவு? மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். “ஜெனரல் செக்கிங் சார்” என்று பதில் வரும். ஜெனரல் செக்கிங் என்று ஒரு பிரிவு எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

இருப்பது என்ன? முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 165 என்று ஒரு பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1-ம் தேதி முதல் அந்தச் சட்டம் போய், ‘பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா’ வந்துவிட்டது. (ஒரே மூச்சில் மூன்று முறை சொல்லிப் பாருங்கள். நம்மூர் வக்கீல்கள் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.) பழைய 165 அதில் 185 ஆகியிருக்கிறது. நம்பர் மாறினாலும் சாரம் அதேதான். வாரன்ட் இல்லாமல் ஓர் இடத்தைச் சோதனை போட வேண்டுமென்றால், அவர் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியாகவோ அந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரியாகவோ இருக்க வேண்டும். விசாரிக்க ஒரு வழக்கு இருக்க வேண்டும். இன்ன பொருள் இங்கே இருக்கிறது என்று நம்புவதற்குக் காரணம் இருக்க வேண்டும். வாரன்ட் வாங்கப் போனால் தாமதமாகிவிடும் என்ற நிலை இருக்க வேண்டும். இத்தனையையும் தேடுவதற்கு முன்னாலேயே எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். என்ன பொருளைத் தேடுகிறோம் என்பது உட்பட. அந்தப் பதிவு மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். புதிய சட்டம் அதற்கு 48 மணி நேரம் என்று கெடுவும் வைத்திருக்கிறது.

இன்னொரு புது விஷயமும் இருக்கிறது. தேடுவதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். செல்போனில் எடுப்பதே நல்லது என்று சட்டமே சொல்கிறது. அதாவது, போலீஸ்காரர் உங்கள் செல்லைப் பிடுங்குவதற்கு முன் தன்னுடைய செல்லை வெளியே எடுத்து ‘ரெக்கார்ட்’ பொத்தானை அழுத்த வேண்டும். எத்தனை தெருமுனைகளில் இது நடக்கிறது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

ஆள் கைதானால் கதை வேறு. அப்போது அவரைச் சோதனை போடலாம். ஆனால், எடுத்த பொருளுக்கெல்லாம் ரசீது தர வேண்டும். பெண் என்றால் இன்னொரு பெண்தான் சோதிக்க வேண்டும். கஞ்சா, ஆயுதம், சாராயம் இவற்றுக்கெல்லாம் தனித்தனிச் சட்டங்கள் தனி அதிகாரம் கொடுத்திருக்கின்றன. (1937-ல் வந்த மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அரசாங்கமே கடை வைத்து விற்பதற்கும் நீங்கள் பையில் வைத்திருப்பதைத் துழாவுவதற்கும் அதே சட்டம் இடம் தருகிறது.) அங்கேயும் ‘நம்புவதற்குக் காரணம் இருந்தால்’ என்ற நிபந்தனை உண்டு. முகத்தைப் பார்த்தால் பிடிக்கவில்லை என்பதைச் சட்டம் காரணமாக ஏற்பதில்லை.

“ஏர்போர்ட்டில் மட்டும் பெல்ட்டைக்கூடக் கழற்றிக் காட்டுகிறோமே?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஏர்போர்ட்டில் அநேகமாக எல்லோருக்கும் சோதனை. அமைச்சரின் மச்சானாக இருந்தாலும் ட்ரேயில் பையை வைக்க வேண்டும். சோதனை உண்டு என்று முன்பே தெரியும். வேண்டாமென்றால் பஸ்ஸில் போகலாம். மாலில், தியேட்டரில் பையைத் திறக்கச் சொல்கிற செக்யூரிட்டிக்கு அந்த அதிகாரம்கூடக் கிடையாது. அது உங்கள் சம்மதத்தின் பேரில் நடப்பது, மறுத்தால் உள்ளே விடமாட்டார்கள், அவ்வளவுதான். 1998-ல் கோவையில் குண்டு வெடித்த பிறகு, கூட்டம் கூடும் இடங்களில் வாசலிலேயே சோதனை போடுவதை யாரும் குறை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான் சொல்வது தெருமுனைச் சோதனையை. நூறு வண்டி போகிறது, தொண்ணூற்றைந்தை விட்டுவிட்டு ஐந்தை ஓரங்கட்டுகிறார்கள். அந்த ஐந்து பேரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

நீங்களே பார்த்திருப்பீர்கள். காரில் ஏ.சி. போட்டுக்கொண்டு போகிறவர் ஓரங்கட்டப்படுவது அபூர்வம். அவர் டிக்கியில் மூட்டை மூட்டையாக இருந்தாலும் சரி. மாட்டிக்கொள்வது சாப்பாடு டெலிவரி செய்கிற பையன், கட்டட வேலை முடிந்து திரும்பும் வடமாநிலத் தொழிலாளி, தலைமுடியை விதவிதமாக வெட்டியிருக்கும் பதினெட்டு வயசு, கறுத்த நிறம், பழைய வண்டி. இதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911-ல் திருத்தி எழுதியபோது சென்னை மாகாணத்தையும் அதில் சேர்த்தான். கள்ளர், குறவர் என்று எத்தனையோ சமூகங்களை, இன்ன ஜாதியில் பிறந்தாலே சந்தேகத்துக்குரியவர் என்று பட்டியல் போட்டான். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3-ம் தேதி சுட்டுக் கொன்றார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு சட்டத்தை எடுத்தாகிவிட்டது. பழக்கத்தை எடுக்கவில்லை. ஒரு ஊரில் நகை காணாமல் போனால் முதலில் எந்தத் தெருவுக்கு ஜீப் போகிறது என்பதை இன்றைக்கும் ஊர்க்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சரி, சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது போலீஸ் ஏன் மதிப்பதில்லை? இங்கேதான் கதையின் முக்கியமான திருப்பம். மதிக்காவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆகாதபடி நம் கோர்ட்டுகளே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். 1950-களின் ஆரம்பத்தில் கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக மாவ் மாவ் கலகம். அவசரநிலைச் சட்டம் அமல். பண்ணையில் வேலை பார்த்த குருமா என்ற ஆப்பிரிக்கர் சைக்கிளில் சொந்த ஊருக்குப் போகிறார். வழியில் போலீஸ் தடுப்பு. சோதனை. துப்பாக்கித் தோட்டா இரண்டு இருந்தது என்றார்கள். அந்த நாளில் தோட்டா வைத்திருந்தால் தூக்கு. ஆனால் ஒரு சிக்கல். இன்ன பதவிக்கு மேற்பட்ட அதிகாரிதான் ஆளைச் சோதிக்கலாம் என்று அந்த அவசரநிலைச் சட்டமே சொல்லியிருந்தது. சோதித்தவர்கள் அந்தப் பதவிக்குக் கீழே இருந்தவர்கள். சோதனையே சட்ட விரோதம். வழக்கு லண்டன் ப்ரிவி கவுன்சில் வரை போனது. 1954 டிசம்பரில் அவர்கள் சொன்ன தீர்ப்பின் சாரம் இது: சாட்சியம் வழக்குக்குச் சம்பந்தப்பட்டதா என்பதுதான் கேள்வி, அது எப்படிக் கிடைத்தது என்பது கோர்ட்டின் கவலை இல்லை. தூக்குத் தண்டனையை உறுதி செய்தார்கள்.

கென்யாவின் காலனி ஆட்சிக்கும் நம் ஊர் பத்தரை மணி ஓரங்கட்டலுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. 1973-ல் பூரன்மல் வழக்கு என்று ஒன்று நம் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. வருமானவரி ரெய்டு சம்பந்தப்பட்டது. சட்ட விரோதச் சோதனையில் கிடைத்த பொருளைச் சாட்சியமாக ஏற்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, நீதிபதிகள் இந்தக் குருமா தீர்ப்பையும் எடுத்துக்காட்டி, ஏற்கலாம், அதைத் தடுக்க அரசியல் சட்டத்தில் எதுவும் இல்லை என்றார்கள். அடிமை நாட்டில் ஒரு சைக்கிள்காரரைத் தூக்கில் போட உதவிய தத்துவம், சுதந்திரம் வாங்கி 26 வருஷம் கழித்து நம் வீட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. இன்றைக்கும் எழுந்திருக்கவில்லை.

அதனால் விசித்திரமான நிலைமை ஒன்று உண்டாகியிருக்கிறது. ராஜஸ்தானில் ஒருவர் வீட்டைப் புகையிலைக்காகச் சோதனை போட கலால் அதிகாரிகள் போனார்கள். அவர் தடுத்தார். அதிகாரியைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக வழக்கு. நீங்கள் காரணத்தை எழுதி வைக்காமல் போனீர்கள், அது முறையான சோதனையே இல்லை, தடுத்தது குற்றமும் இல்லை என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. 1960-ம் வருடத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. மூன்றே வருடம் கழித்து 1963 தொகுப்பில் ராதா கிஷன் என்ற தபால்காரரின் வழக்கு. சட்ட விரோதச் சோதனையை வீட்டுக்காரர் தடுக்கலாம். ஆனால் தடுக்காமல் விட்டு, பொருளை எடுத்துவிட்டால், எடுத்தது செல்லும்! கோர்ட் கொஞ்சம் எச்சரிக்கையோடு பார்க்கும், அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். லத்தியோடு நிற்கும் நாலு பேரை ராத்திரி நேரத்தில் யாரால் தடுக்க முடியும்? தடுக்கிற தைரியமும் அதற்கான உடம்பும் இருந்தால் சட்டம் உங்கள் பக்கம். பயந்து பையைத் திறந்தால் சட்டம் அவர்கள் பக்கம். புதிய சட்டத்தின் 172-வது பிரிவு வேறு, போலீஸின் சட்டப்படியான உத்தரவைக் கேட்காதவரைப் பிடித்து வைக்கலாம் என்கிறது. எது சட்டப்படியான உத்தரவு என்று அந்த இடத்தில் தீர்மானிப்பது யார்? தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவர்தான்.

கஞ்சா வழக்கில் மட்டும் சுப்ரீம் கோர்ட் ஓரளவு இறங்கிவந்தது. போதைப்பொருள் சட்டத்தின் 50-வது பிரிவு என்ன சொல்கிறதென்றால், ஆளைச் சோதிக்கும் முன் ‘மாஜிஸ்திரேட்டோ கெஜட்டட் அதிகாரியோ முன்னால் சோதனை நடக்க வேண்டுமென்று கேட்க உனக்கு உரிமை உண்டு’ என்று அவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஆளிடமிருந்து எடுத்தால், வைத்திருந்தார் என்பதற்கு அதைச் சாட்சியமாக்க முடியாது என்று 1999-ல் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். கட்டாயம் சொல்லியே ஆக வேண்டும் என்று 2010-ல் இன்னொரு ஐந்து பேர் உறுதிப்படுத்தினார்கள். நல்ல விஷயம்தான்.

ஆனால், 2005-ல் வந்தது ஒரு தீர்ப்பு. ‘ஆள்’ என்றால் உடம்பு. கையில் இருக்கும் பை உடம்பின் பகுதி இல்லை. ஆகவே பையைச் சோதிக்க இந்த 50-வது பிரிவு பொருந்தாது. 2023-ல் இதையே மறுபடி உறுதி செய்தார்கள். விளைவைப் பாருங்கள். பேன்ட் பாக்கெட்டில் கை விடுவதற்கு மாஜிஸ்திரேட் உரிமை பற்றிச் சொல்ல வேண்டும். தோளில் தொங்கும் பைக்குள் கை விடுவதற்கு அது தேவையில்லை. ஒரு பெண்ணின் கைப்பைக்குள் மாத்திரை இருக்கும், நாப்கின் இருக்கும், கடிதம் இருக்கும், யாருக்கும் காட்டாத ஒரு போட்டோ இருக்கும். பாக்கெட்டைவிடப் பை எந்த விதத்தில் குறைந்த அந்தரங்கம்? நீதிபதிகளின் தர்க்கம் இலக்கணப்படி சரியாக இருக்கலாம். வாழ்க்கைப்படி சரியில்லை.

இதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. ஒருவரின் சட்டைக்குள் எதையாவது ‘வைப்பது’ சிரமம். பைக்குள் வைப்பது சுலபம். வைத்தாகிவிட்டால் போதைப்பொருள் சட்டத்தில் பொருள் உங்களிடம் இருந்தது என்று காட்டினாலே போதும், எனக்குத் தெரியாது என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். இருபது கிலோவுக்கு மேல் கஞ்சா என்றால் குறைந்தபட்சமே பத்து வருஷம், ஜாமீனும் லேசில் கிடைக்காது. மகஜரில் இரண்டு சாட்சி இருக்க வேண்டுமே என்பீர்கள். பொதுமக்கள் யாரும் முன்வரவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டால், போலீஸ் சாட்சியம் நம்பும்படி இருந்தாலே போதும் என்று கோர்ட்டுகள் பல தடவை சொல்லிவிட்டன. வேண்டுமென்றே தொல்லை தரும் சோதனை போட்ட அதிகாரிக்கு அதே சட்டத்தின் 58-வது பிரிவில் என்ன தண்டனை தெரியுமா? ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பத்து வருஷம் ஒரு பக்கம், ஆயிரம் ரூபாய் மறு பக்கம். எந்தத் தராசு இது?

பையைவிடப் பெரிய பை ஒன்று இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. செல்போன். 2021 அக்டோபரில் ஹைதராபாத்தில் போலீஸார் சாலையில் போகிறவர்களை நிறுத்தி, வாட்ஸ்அப்பைத் திறக்கச் சொல்லி, ‘கஞ்சா’ என்ற வார்த்தையைத் தேடிப் பார்த்த வீடியோ நாடெங்கும் பரவியது. பத்திரிகையாளர்கள் கேட்டபோது, மக்கள் தாங்களாகத்தான் ஒத்துழைக்கிறார்கள், யாரும் புகார் சொல்லவில்லை என்று போலீஸ் தரப்பில் பதில் வந்தது. ஒத்துழைப்பாம்! நடுரோட்டில் வண்டிச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கேட்டால் நான்கூட என் ஏ.டி.எம். ரகசிய எண்ணைச் சொல்லி ஒத்துழைப்பேன்.

உங்கள் செல்லில் உங்கள் ரகசியம் மட்டுமா இருக்கிறது? மனைவி அனுப்பிய மெசேஜ், நண்பனின் கடன் கதை, தங்கையின் மெடிக்கல் ரிப்போர்ட், ஆபீஸ் மெயில் எல்லாம் இருக்கிறது. நீங்கள் ‘எனக்குப் பயமில்லை’ என்று திறந்து காட்டும்போது, அவர்கள் எல்லோர் மடியையும் சேர்த்தே அவிழ்த்துக் காட்டுகிறீர்கள். அவர்களிடம் கேட்டீர்களா? புதிய சட்டத்தின்படி செல்போன் போன்ற கருவியை விசாரணைக்குக் கேட்கலாம். ஆனால், கோர்ட் என்றால் சம்மன், போலீஸ் என்றால் எழுத்து மூலமான உத்தரவு. தெருவில் வாய்மொழியாக ‘லாக்கை எடு’ என்பது எழுத்து மூலமான உத்தரவு அல்ல. அமெரிக்காவில், கைதான ஆளின் செல்லைப் பார்ப்பதற்கே வாரன்ட் வேண்டும் என்று 2014-ல் அவர்கள் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னது. நம் சுப்ரீம் கோர்ட் 2023 நவம்பரில், டிஜிட்டல் கருவிகளைக் கைப்பற்ற ஒழுங்கான வழிமுறை வேண்டும் என்று மத்திய அரசிடம் சொன்னது. அதுவும் பத்திரிகையாளர்கள் படியேறிப் போன பிறகு.

தேர்தல் வந்தால் பறக்கும் படை வேறு. ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் என்றால் அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். தேர்தல் கமிஷனின் வழிமுறையை எடுத்துப் படியுங்கள். அந்த ஐம்பதாயிரம், வேட்பாளர், அவருடைய ஏஜென்ட், கட்சிக்காரர் போகிற வண்டிக்காகவும் தேர்தல் சாமான்கள் ஏற்றிய வண்டிக்காகவும் எழுதப்பட்டது. நடைமுறையில் மாட்டிக்கொள்வது சந்தைக்கு மாடு வாங்கப் போகிறவரும் காய்கறி வியாபாரியும். சந்தையில் மாடு விற்பவர் பில் போட்டுத் தருவாரா? ஒவ்வொரு தேர்தலிலும் இவர்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்று தங்கள் காசைத் தாங்களே மன்றாடி வாங்குகிறார்கள். அந்தப் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. மடியில் கனம் நேர்மையானது, வழியில் பயம் அரசாங்கத்தைப் பற்றியது.

“இதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் செயின் பறிப்பவனை எப்படிங்க பிடிப்பது?” என்று சில போலீஸ் நண்பர்களே கேட்பார்கள். பிரிட்டனும் இதே கேள்வியைக் கேட்டது. 1981 ஏப்ரலில் லண்டன் பிரிக்ஸ்டன் பகுதியில் வழிப்பறியை ஒழிக்கிறோம் என்று போலீஸ் இறங்கியது. சில நாட்களில் 943 பேரை நிறுத்திச் சோதித்தார்கள். பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். கைதானவர்கள் 118 பேர். மீதி எண்ணூற்றுச் சொச்சம் பேர் அவமானத்தோடு வீட்டுக்குப் போனார்கள். அந்த வாரமே பிரிக்ஸ்டன் பற்றி எரிந்தது. அதற்குப் பிறகு 1984-ல் புதுச் சட்டம் வந்தது. தெருவில் ஒருவரைச் சோதிக்கும் முன் போலீஸ்காரர் தன் பெயர், ஸ்டேஷன், என்ன தேடுகிறேன், ஏன் உன்னைச் சந்தேகப்படுகிறேன் என்று சொல்ல வேண்டும். பதிவு எழுத வேண்டும். கேட்டால் நகல் தர வேண்டும். அங்கேயும் தேனும் பாலும் ஓடவில்லை. இன்றைக்கும் கறுப்பினத்தவரைத்தான் அதிகமாக நிறுத்துகிறார்கள் என்பது அந்த அரசாங்கம் வெளியிடும் கணக்கிலேயே தெரிகிறது. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. நம் ஊரில் ஒரு ராத்திரியில் எத்தனை பேரை ஓரங்கட்டினார்கள், எத்தனை பையைத் திறந்தார்கள், எத்தனையில் என்ன கிடைத்தது என்று யாரிடம் போய்க் கேட்பது? கிடைத்தது மட்டும் மறுநாள் பேப்பரில் போட்டோவோடு வரும். கிடைக்காதது யார் கணக்கிலும் வராது.

நம்மிடம் மருந்து இல்லாமல் இல்லை. 1983-லேயே சட்டக் கமிஷன் தன் 94-வது அறிக்கையில் ஒரு யோசனை சொன்னது. முறைகேடாகக் கிடைத்த சாட்சியத்தை நிராகரிக்கும் அதிகாரத்தை நீதிபதிக்குக் கொடுங்கள், எல்லா வழக்கிலும் நிராகரிக்க வேண்டாம், அநியாயம் எவ்வளவு பெரியது என்று பார்த்து முடிவு செய்யட்டும் என்றது. எவ்வளவு நிதானமான யோசனை! நாற்பது வருஷம் அலமாரியில் தூங்கியது. 2023-ல் சாட்சியச் சட்டத்தையே தூக்கிவிட்டுப் புதுச் சட்டம் எழுதினார்கள். வெள்ளைக்காரன் சட்டத்தை ஒழித்துவிட்டோம் என்று பெருமையாக அறிவித்தார்கள். அந்த ஒரு பிரிவை மட்டும் சேர்க்கவில்லை. வெள்ளைக்காரன் கென்யாவில் சொன்னது அப்படியே பத்திரமாக இருக்கிறது.

2017-ல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்களே, அதன் பிறகும் பூரன்மல் தீர்ப்பு எப்படி நிற்கிறது? அது சாய்ந்து நின்ற தூண்களில் ஒன்று, 1954-ல் வந்த எம்.பி.சர்மா தீர்ப்பு. அந்தரங்க உரிமை கிடையாது என்று அதில் சொன்ன பகுதியை இந்த ஒன்பது பேரே இடித்துவிட்டார்கள். தூண் போன பிறகும் கூரை அந்தரத்தில் தொங்குகிறது. யாராவது போய்த் தட்டிப் பார்க்க வேண்டும். அந்த வழக்கைப் போடுவதற்கு டெலிவரி பையனிடம் காசும் இல்லை, நேரமும் இல்லை. அவன் நின்ற பத்து நிமிஷத்துக்கே அவனுடைய சாப்பாட்டு ஆர்டர் லேட்டாகி, கஸ்டமர் ஒற்றை ஸ்டார் போட்டிருப்பார். அந்தக் கஸ்டமர் நீங்களாகக்கூட இருக்கலாம்.

அதனால் கேட்க வேண்டியது நீங்கள்தான். இங்கிலீஷ் தெரிந்த, ஐ.டி. கார்டு மாட்டிய, தெரிந்த வக்கீல் ஒருவர் நம்பர் செல்லில் இருக்கிற நீங்கள். சண்டை போட வேண்டாம், கையைத் தட்டிவிட வேண்டாம். “எந்த வழக்குக்காக சார் தேடுறீங்க? வீடியோ எடுக்கிறீங்களா? உங்க பேர் என்ன சார்?” இந்த மூன்று கேள்விகளை, குரலை உயர்த்தாமல் கேட்கலாம். பெண்கள், பெண் போலீஸ் வரட்டும் என்று சொல்லலாம். செல்லைக் கேட்டால், எழுத்தில் தாருங்கள் என்று சொல்லலாம். பத்தில் எட்டுப் பேர் ‘போங்க சார்’ என்று அனுப்பிவிடுவார்கள். ஏனென்றால் அவர்களிடம் பதில் இல்லை. மற்ற இரண்டு பேரிடம் மாட்டினால் ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் உட்கார நேரலாம், அதையும் மறைக்க விரும்பவில்லை.

அப்படி உட்கார வைத்து, எதையாவது எடுத்துக்கொண்டு, மகஜரில் கையெழுத்துக் கேட்டால், முழுவதும் படித்துப் பாருங்கள். உங்களிடம் எடுத்த பொருள் ஒவ்வொன்றும் அதில் இருக்கிறதா, எடுக்காத பொருள் எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். நேரமும் இடமும் சரியாக இருக்கிறதா பாருங்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள். எடுத்த பொருட்களின் பட்டியல் நகல் உங்களுக்குச் சேர வேண்டியது. ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் என்பார்கள். கையால் எழுதிக் கொடுத்தாலும் செல்லும் என்று சொல்லுங்கள்.